களத்தில் விழுந்த பல்

தேங்காய்க் களத்தில் விழுந்த பல்லைத் தேடுவது மாதிரி ஒரு கொடுமை கிடையாது. கீழே எங்கு பார்த்தாலும் வெள்ளைதான். காயப்போட்ட மூடிகள், உடைக்கும்போது தெறித்த சில்லுகள், காக்காய் கொத்திப் போட்ட துணுக்குகள். அதற்குள் ஒரு பல். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி சுமாருக்கு, ஆனைமலைப் பக்கம் எங்கள் அம்மா வீட்டுத் தோட்டத்தில் ஆறு பேர் முட்டி போட்டு அதைத் தேடினோம்.

விழுந்தவன் என் மகன். அப்போது அவனுக்குப் பத்து வயது. லீவுக்குத் திருப்பூரிலிருந்து அம்மிச்சி வீட்டுக்கு வந்துவிட்டால் களம்தான் அவனுக்கு மைதானம். அண்ணன் மகனுடைய சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். முன் சக்கரம் ஒரு மூடிமேல் ஏறியது, ஹேண்டில்பாரைத் தாண்டிக் குப்புற விழுந்தான். தூக்கிப் பார்த்தால் வாயெல்லாம் ரத்தம். மேல் வரிசையில் நடுப்பல் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு குழி.

அம்மா ஓடி வந்து அவனை மடியில் போட்டு, "அழுவாத சாமி, ஒண்ணுமில்ல கண்ணு" என்றபடியே துவைத்த துண்டை மடித்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததிலேயே சரியான காரியம் அது ஒன்றுதான். சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. வாய் ரத்தம் எச்சிலோடு கலந்து வருவதால் ஒரு ஸ்பூன் ரத்தம் ஒரு டம்ளர் மாதிரி தெரியும், பயந்துவிடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா மஞ்சள்பொடியோடு வந்தார், அவருக்குப் பின்னாலேயே காப்பித்தூள் டப்பாவோடு இன்னொருவர். "வாய்க்குள்ள என்னத்துக்குங்க அதெல்லாம்" என்று அம்மா இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார். பொடி போட்டிருந்தால் அது குழிக்குள் போயிருக்கும், கழுவி எடுப்பதே தனி வேலையாகியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

பல் கிடைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தோட்ட வேலைக்கு வரும் அக்காதான் கண்டுபிடித்தார். "அக்கட்டால சாக்கு ஓரத்துல பாருங்க, மஞ்சளாட்ட ஒண்ணு கெடக்குது." தேங்காய் சுத்த வெள்ளை, பல் லேசான மஞ்சள். அந்த மஞ்சளுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இனி நான் செய்தவை. பல்லை எடுத்தேன், வேர்ப்பக்கம் பிடித்துத்தான். தொட்டிக் குழாயைத் திறந்து அதன் அடியில் காட்டினேன். மண் ஒட்டியிருந்தது, விரலால் தேய்த்தேன். வேரைச் சுற்றிப் பிசின் மாதிரி மெல்லிசாக ஏதோ இருந்தது, அதையும் அழுக்கு என்று நகத்தால் சுரண்டி எடுத்தேன். பளிச்சென்று ஆனதும் டிஷ்யூ பேப்பரில் சுற்றி ஹேண்ட்பேக்கில் வைத்து ஜிப்பை இழுத்தேன். எவ்வளவு பொறுப்பான அம்மா! எனக்குப் பத்தடி தள்ளிக் கட்டுத்தரை ஓரத்தில் சொசைட்டிக்கு ஊற்றக் கறந்து வைத்த பால் கேன் நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் காரை எடுத்தார். பொள்ளாச்சியில் எங்களுக்குத் தெரிந்த கிளினிக் ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தது. அதற்குள் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து யார் யாருக்கோ அடித்து, கோயம்புத்தூரில் இருக்கும் குழந்தைகள் பல் டாக்டர் ஒருவரை லைனில் பிடித்துக் கொடுத்தார். அந்தம்மா முதலில் கேட்டது பல்லைப் பற்றி இல்லை. விழுந்ததும் மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தானா, பேச்சு தெளிவாக இருக்கிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றோ சந்தேகமாகவோ சொல்லியிருந்தால் பல்லை விட்டுவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பாராம். அடுத்த கேள்வி: "பல்லு இப்ப எங்க இருக்கு?"

"பத்திரமா பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கேங்க."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. "முதல்ல பால்ல போடுங்க. காய்ச்சாத பாலோ, ஃபிரிட்ஜ்ல இருக்கற பாக்கெட் பாலோ. இப்பவே. அப்புறம் கிளினிக் தேடலாம்."

நம் ஊரில் முக்குக்கு ஒரு பேக்கரி இருப்பது அன்றைக்குத்தான் உயிர் காத்தது. வண்டி நின்றதும் மாஸ்டர், "எத்தன டீங்க?" என்றார். பால் வேண்டும், காய்ச்சாத பால் என்றேன். "கொழந்தைக்குங்களா?" "பல்லுக்குங்க." மனுஷன் ஒரு முறை காருக்குள் எட்டிப் பார்த்தார். ஃபிரிட்ஜிலிருந்து ஆவின் பாக்கெட்டை எடுத்து வெட்டி, பேப்பர் கப்பில் ஊற்றி நீட்டினார். காசு வாங்கவில்லை.

பல் பாலுக்குள் போனபோது மணி ஐந்து இருபது. ஐம்பது நிமிஷம் காய்ந்திருக்கிறது.

திறந்திருந்த ஒரு கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, குழியை சலைனில் கழுவி, பல்லை மெதுவாக உள்ளே தள்ளிப் பொருத்தினார்கள். பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார்கள். அந்தக் கம்பி இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் ரசஞ்சாதம், இட்லி, பால் விட்டுப் பிசைந்த ராகிக் களி. ஆன்டிபயாடிக், வாய் கொப்பளிக்க மருந்து, பல்லை மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார்கள். பத்து வயதுக்கான டி.டி. என்ற டெட்டனஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார்கள். மண்ணில் விழுந்த பல் என்பதால் அது முக்கியம். எங்களுக்குப் பதில் தெரியவில்லை, தடுப்பூசி அட்டை திருப்பூரில் இருந்தது. வேர் முனை முழுசாக மூடிவிட்ட வயது என்பதால் இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் செய்தார்கள். இன்னும் சின்ன வயதாக, வேர் முனை திறந்தே இருந்தால் சில சமயம் ரத்த ஓட்டம் திரும்ப வரும், வேர் சிகிச்சை இல்லாமலே பொறுத்துப் பார்ப்பார்களாம்.

அடுத்த வாரம் கோயம்புத்தூர் டாக்டரை நேரில் பார்த்தபோதுதான் நான் சுரண்டி எடுத்த அந்தப் பிசின் என்னவென்று தெரிந்தது. பல்லையும் எலும்பையும் இணைக்கும் தசைநார், உயிருள்ள செல்கள். பல் மறுபடி ஒட்டுவது அவற்றை வைத்துத்தான். வெளியே காய்ந்து கிடந்தால் அவை நிமிஷத்துக்கு நிமிஷம் சாகின்றன. அரை மணிக்குள் ஏதாவது செய்துவிட்டால் நல்ல வாய்ப்பு, ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்தால் அநேகமாக எல்லாம் போய்விடும். குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டாலும் அந்தச் செல்கள் உப்பி வெடித்துவிடுமாம். பாலின் உப்புச் சமநிலை அவற்றுக்கு ஒத்துப்போகிறது, அதனால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பால் என்றால் பால் மட்டும்தான். மோரும் தயிரும் புளிப்பு, செல்களைக் கொன்றுவிடும். நம் ஊர்க்காரி ஆயிற்றே, இளநீர் என்னவாகும் என்று கேட்டேன். சிரித்தார். அதையும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாம், முடிவுகள் ஒன்றுபோல் இல்லையாம். "தென்னந்தோப்புலயும் மாடு இருக்குமில்லைங்க?" என்றார். இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனால் பாலுக்கும் மேலே ஒன்று உண்டு. அந்த இடத்திலேயே நாமே பல்லைத் திரும்பப் பொருத்திவிடுவது. கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது, ஆனால் உலக அளவில் பல் காயங்களுக்கு வழிமுறை வகுக்கும் ஐ.ஏ.டி.டி. சங்கத்தின் 2020 வழிகாட்டியும் இதைத்தான் முதலில் சொல்கிறது. வெளியே தெரியும் மேல்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடவே கூடாது. மண் இருந்தால் பாலிலோ சலைனிலோ அலசலாம், இரண்டும் இல்லை என்றால் குளிர்ந்த தண்ணீரில் சில நொடி காட்டலாம், தேய்க்கக் கூடாது. எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பக்கத்துப் பல்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டு குழியில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். பிறகு மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியில் ஏற வேண்டியதுதான். கோணலாகப் போனால்கூட டாக்டர் சரி செய்துகொள்வார். பிள்ளை நல்ல நினைவோடு, சொன்னதைக் கேட்கும் நிலையில் இருந்தால் மட்டும் இது. திமிறினாலோ மயக்கமாக இருந்தாலோ வேண்டாம், பால் போதும். பாலும் கிடைக்காத காட்டில் ஒரு கிண்ணத்தில் பிள்ளையையே எச்சில் துப்பச் சொல்லி அதில் போட்டுக்கொள்ளலாம். கன்னத்துக்குள் அடக்கிக்கொள் என்று சொல்வார்கள் சிலர். பெரிய பிள்ளைகளுக்குச் சரி, சின்னது விழுங்கிவிடும்.

இப்போது அந்த மஞ்சளுக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் நிலையான பல்லுக்கு மட்டும். பால் பல் தெறித்து விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது, உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலையான பல்லின் முளையை அது குத்திவிடும். பால் பல் சின்னது, நல்ல வெள்ளை. நிலையான பல் பெரியது, கொஞ்சம் மஞ்சள், புதிதாக முளைத்ததாக இருந்தால் நுனி ரம்பம் மாதிரி இருக்கும். வயதை வைத்தும் சொல்லலாம். மேல் நடுப்பற்கள் ஏழு, எட்டு வயதில்தான் மாறும். ஐந்து வயதுப் பிள்ளையின் மேல் முன்பல் என்றால் பால் பல் என்றே வைத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள், நஷ்டமில்லை.

இந்த வித்தியாசம் இரண்டு வருஷம் கழித்துக் காங்கயத்தில் ஒரு சீரில் கைகொடுத்தது. தங்கை மகளுக்கு அப்போது மூன்று வயது, மண்டபப் படியில் தடுக்கி விழுந்தாள். மேல் முன்பல் ஒன்றைக் காணோம். மொத்தப் பந்தியும் எழுந்து பல்லைத் தேட ஆரம்பித்துவிட்டது. என் கதை தெரிந்த சித்தி சமையல்கட்டிலிருந்து ஒரு சொம்புப் பாலே கொண்டுவந்துவிட்டார். பல் எங்கும் கிடைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தபோது அது ஈறுக்குள்ளேயே ஏறிப் பதுங்கியிருந்தது! சின்னக் குழந்தைகளின் எலும்பு மென்மையானது, அதனால் இப்படி உள்ளே போவது சகஜமாம். பெரும்பாலும் தானாகவே இறங்கி வரும், இழுக்கவும் நெம்பவும் கூடாது. அவளுக்கு நாலே மாதத்தில் இறங்கி வந்தது, சாம்பல் நிறமாக. நிறம் மாறியதற்காக மட்டும் எதுவும் செய்ய வேண்டாம், ஈறில் கொப்புளமோ வீக்கமோ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பல்லைக் காணோம், பிள்ளை இருமுகிறது அல்லது மூச்சு வாங்குகிறது என்றால் அது வேறு விஷயம். மூச்சுக்குழாயில் போயிருக்கலாம், உடனே 108.

பல் உடைந்துமட்டும் போனால் துண்டைத் தேடி எடுத்து இதே மாதிரி பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப் போகலாம், பல நேரம் அதையே ஒட்டிவிடுகிறார்கள். துண்டு கிடைக்கவில்லை, உதடும் கிழிந்திருக்கிறது என்றால் உதட்டுக்குள்ளே புதைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

விழுவது மட்டும்தான் அவசரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் அந்த எண்ணத்தையும் மாற்றினாள். ஏழு வயதில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து, கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அழுதாள். அந்தப் பல்லில் சொத்தை இருந்தது எனக்கு முன்பே தெரியும். "பால் பல்தானே, விழுந்துடும்" என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டவள் நான்தான். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதில்தான் விழும் என்பது யாரும் சொல்லி எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலே சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறதே, அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விடுகிற வீடுகள் நிறைய. எங்கள் வீடு மயிரிழையில் தப்பியது.

அன்று ராத்திரி மாமியார் கிராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனசுதான், ஆனால் பஞ்சு சொத்தையில் நிற்காமல் ஈறில் பட்டு, ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் இதே கதைதான். விடிவதற்குள் கன்னம் வீங்கிவிட்டது. அடுத்து உப்பு ஒத்தடம் தயாரானது. சீழ் கட்டிய வீக்கத்துக்குச் சூடு கொடுக்கக் கூடாது, வெளியே துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். சாப்பாட்டுத் துணுக்கு பல்லிடுக்கில் மாட்டிக்கூட வலிக்கும், அதனால் முதலில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்து, நூலால் மெதுவாக இடுக்கைச் சுத்தம் செய்து பார்ப்பது நல்லது.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், எடையைப் பார்த்து. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இதில் நான் ஒரு தப்பைக் கடைசி நிமிஷத்தில் நிறுத்தினேன். வீட்டில் இரண்டு சிரப் இருந்தது, ஒன்றில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், இன்னொன்றில் 250. பாட்டில்கள் அக்காதங்கை மாதிரி இருக்கும், மூடியளவு ஒன்றேதான், மருந்து இரட்டிப்பு. தூக்கக் கலக்கத்தில் லேபிளைப் படியுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், ஈரலையும் மூளையையும் பாதிக்கும் ஓர் ஆபத்து அதில் உண்டு.

காலையில் டாக்டர் பல்லுக்குள் இருந்த சீழை வெளியேற்றி, வேரைச் சுத்தம் செய்து, பிறகு ஸ்டீல் தொப்பி போட்டுவிட்டார். அவர் சொன்ன எச்சரிக்கை மட்டும் இன்னும் காதில் இருக்கிறது: வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு ஏறினாலும், தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினாலும், காய்ச்சலோடு வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் எச்சில் வழிந்தாலும் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி எத்தனை மணியானாலும் கோவை ஜி.எச். மாதிரி பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இப்போது வீட்டிலும் தோட்டத்திலும் ஒவ்வொரு டப்பா வைத்திருக்கிறேன். ஒரு சின்ன மூடிபோட்ட பாட்டில், மெடிக்கலில் வாங்கிய 100 மில்லி நார்மல் சலைன், காஸ் துணி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை நகல், ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும் டாக்டர் நம்பர். 'டூத் எஸ்.ஓ.எஸ்.' என்று ஒரு இலவச செயலி இருக்கிறது, பல் விழுந்தால் படம் போட்டு அடுத்தடுத்து என்ன செய்வது என்று காட்டும். நான் போனில் வைத்திருக்கிறேன். உபயோகிக்கிற நிலைமை வராமல் இருக்கட்டும்.

மகனுக்கு இப்போது பதினான்கு. அந்தப் பல் இருக்கிறது, வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் போன செக்கப்பில் டாக்டர் கண்ணாடிப் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக் காட்டினார். மற்றவை மரத்தைத் தட்டியது மாதிரி மந்தமாகக் கேட்டன. அது மட்டும் எவர்சில்வர் டம்ளரைத் தட்டியது மாதிரி, ணங் என்று. தசைநார் இல்லாமல் நேராக எலும்போடு ஒட்டிப்போயிருக்கிறது. தாடை வளர வளர மற்றப் பற்கள் கீழே இறங்கும், இது இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இப்போதே ஒரு மில்லிமீட்டர் குட்டையாகத் தெரிகிறது. வேரை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டும் இருக்கிறது. வளர்ச்சி முடியும்வரை இதை எப்படியாவது ஓட்டிவிட்டு, அதற்குமேல் இம்பிளான்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் பற்றி யோசிக்கலாம் என்றார். அதுவரை இடத்தையும் எலும்பையும் காத்துக் கொடுக்கிறதே, அதுவே லாபமாம். "அந்த ஐம்பது நிமிஷம் இல்லைன்னா?" என்று கேட்டேன். டாக்டர் பதில் சொல்லாமல் கிளவுஸைக் கழற்றினார்.

போன வாரம் அம்மா போன் செய்தார், குரலில் பதட்டம். அண்ணன் மகளுக்கு ஆறு வயது. முறுக்குக் கடிக்கும்போது முன்பல் கையோடு வந்துவிட்டதாம். "வேரைத் தொடவேயில்லை கண்ணு, மேலாப்பல புடிச்சு எடுத்தேன். கழுவுல. டம்ளர்ல பச்சப் பால் ஊத்தி அதுல போட்டுட்டேன். உங்கண்ணன் வண்டியெடுக்கறான், எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது?"

ஆடிக்கொண்டிருந்த பல்லா என்று கேட்டேன். பதினைந்து நாளாக ஆடியது என்றார். அதைச் சாணியில் உருட்டி ஓட்டு மேல் வீசச் சொன்னேன்.